கம்பளி மேல் தங்க இழை: மலைக்குளிருக்கு ஏற்ற ஜரி வேலை

ஊட்டியிலும் குன்னூரிலும் டிசம்பர் மாதத்து வரவேற்பு நிகழ்ச்சிகளில் இது வழக்கமாக நடக்கிறது. மாலை ஆறு மணிக்குக் குளிர் இறங்கியதும், மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய, கொக்கி ஊசியால் பூவேலை செய்த ஆரி ரவிக்கைகள் எல்லாம் சால்வைக்கும் ஸ்வெட்டருக்கும் அடியில் போய்விடும். கையில் அடர்த்தியாக வைத்த ஜர்தோசி சுருள் (ஸ்பிரிங் போலச் சுற்றிய மெல்லிய உலோகக் கம்பி) கம்பளி இழையில் மாட்டி நீளும். முதுகில் ஒட்டிய குந்தன் கல் உரசி உதிரும். "இத்தனை வேலை செஞ்சும் ஃபோட்டோவுல சால்வைதான்க்கா தெரியுது" என்று மணப்பெண்கள் சொல்வது நியாயமான குறை. சென்னைக்கும் மதுரைக்கும் பொருந்துகிற ரவிக்கை வேலையை அப்படியே மலைக்கு ஏற்றியதால் வந்த குறை அது.

மலையில் தங்க வேலை மேலாடைக்கு வர வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. கோட்டின் காலர், கைமுனை, சால்வையின் தலைப்பு, ஜாக்கெட்டின் தோள் ஆகியவைதான் இங்கே கடைசிவரை கண்ணுக்குத் தெரியும் இடங்கள். தங்க இழைக்கு இவை புதிய இடங்களும் இல்லை. அரண்மனை அங்கி, குதிரைச் சேணத் துணி, தேவாலயத்தில் குருவானவர் அணியும் பூசை உடை என்று பழைய ஜரி வேலைகளில் பல மேலே அணிவதற்கென்றே செய்யப்பட்டவை. நீலகிரியிலேயே உதாரணம் இருக்கிறது. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் முப்படை அதிகாரிகளுக்கான ஸ்டாஃப் காலேஜும் உள்ளன. ராணுவ அதிகாரிகளின் பிளேசர் பையில் வைக்கும் தங்கக் கம்பிச் சின்னத்தை யாராவது காட்டினால் நன்றாகப் பாருங்கள். கம்பளித் துணி, அதன் மேல் மெத்தை, அதன் மேல் சாய்வாகப் படுத்திருக்கும் வெட்டுச் சுருள், ஓரத்தில் முறுக்குக் கம்பி என்று கோட்டில் செய்ய வேண்டிய வேலை முழுவதும் அந்த உள்ளங்கை அகலத்தில் அடங்கியிருக்கும்.

ஆனால் பட்டு ரவிக்கையில் கற்ற பழக்கத்தோடு கம்பளிக்கு வந்தால் பல இடங்களில் கை தடுமாறும்.

முதல் தடங்கல் உலோகம். சந்தையில் கிடைக்கும் ஜரி மூன்று வகை. பட்டு நூலைச் சுற்றி வெள்ளிக் கம்பியும் அதன் மேல் தங்க முலாமும் இருப்பது அசல் ஜரி. செம்புக் கம்பிக்கு வெள்ளி முலாம் பூசி, மேலே பொன் நிறம் ஏற்றியது டெஸ்டட் ஜரி. பாலியெஸ்டர் படலத்தில் உலோகத்தைப் படியவைத்து மெல்லிய இழையாக வெட்டுவது மூன்றாவது; கடையில் மெட்டாலிக் ஜரி அல்லது பிளாஸ்டிக் ஜரி என்பார்கள். எது எது என்று சந்தேகம் வந்தால் ஒரு அங்குலத்தைச் சுடரில் காட்டுங்கள். பிளாஸ்டிக் சுருங்கி உருண்டுகொள்ளும். அசல் ஜரியில் பட்டு, முடி கருகும் வாசனையோடு எரிந்து, கம்பி மட்டும் மிஞ்சும். சொரசொரப்பான கல்லில் உரசிச் சிவப்புத் தெரிந்தால் உள்ளே செம்பு.

விலை அதிகமுள்ளதுதான் நல்லது என்று நினைத்து அசல் ஜரியைக் கம்பளிக் கோட்டில் வைக்காதீர்கள். கம்பளி இழையிலேயே கந்தகம் இருக்கிறது. அதிலிருந்து மெதுவாக வெளியேறும் கந்தக ஆவி வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகிறது. ஜரி முதலில் தேன் நிறமாகி, பிறகு பழுப்பாகி, கடைசியில் கறுக்கிறது. தங்க முலாம் மெல்லியது, அதில் நுண்ணிய துளைகளும் உண்டு, ஆகவே அது முழுக் காவல் ஆகாது. பட்டுப் புடவையை ஸ்வெட்டரோடு ஒரே அடுக்கில் வைத்த வீடுகளில் ஜரிக் கரை மங்குவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். டெஸ்டட் ஜரிக்கு வேறு எதிரி: ஈரமும் வியர்வை உப்பும் செம்பைத் தொட்டால் பச்சை பூக்கும். கம்பளி மேல் ஓரக் கோட்டுக்கும் நிரப்புக்கும் நல்ல தரமான மெட்டாலிக் நூலையும், சுருளுக்கு மேற்பூச்சு உள்ள செம்புக் கம்பி வகையையும் எடுப்பதுதான் எங்கள் பரிந்துரை. அசல் ஜரியைப் பட்டு, பருத்தி, லினன் துணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சுருளைக் கடையில் கிராம் கணக்கில் நிறுத்துத் தருவார்கள். மழமழப்பாக ஸ்பிரிங் போல இருப்பது டப்கா. முகம் முகமாக வெட்டுப்பட்டு மின்னுவது நக்ஷி. கோவை டவுன்ஹால் பக்கமோ சென்னை சௌகார்பேட்டையிலோ வாங்கும்போது முழு வேலைக்கும் தேவையானதை ஒரே லாட்டில் வாங்கிவிடுங்கள், அதற்கு மேலும் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக. அடுத்த லாட்டில் பொன் நிறம் கொஞ்சம் சிவந்தோ வெளுத்தோ வரும். இரண்டு காலரில் ஒன்று வேறு நிறமாக நிற்பதைச் சரிசெய்ய வழியே கிடையாது. வாங்கிய சுருளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள். ரப்பரிலும் கந்தகம் உண்டு, பேண்டு பட்ட இடம் கோடாகக் கறுத்துவிடும்.

அடுத்தது ஈரம். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் மேகம் அறைக்குள்ளேயே வந்து போகும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்கு மழை; குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபரிலிருந்து வடகிழக்கு மழையும் பலமாகப் பிடிக்கும். பருத்தித் துணியும் பட்டும் ஈரக் காற்றில் தளர்ந்து, காய்ந்தால் இறுகும். காலை மூடுபனியில் தளர்ந்த துணியை ஃப்ரேமில் முறுக்கி ஏற்றிவிட்டு, மதியம் வெயில் வந்ததும் பார்த்தால் ஓரத் தையல் பிய்யும் அளவுக்கு இறுகியிருக்கும். தளர்ந்த நேரத்தில் போட்ட தையலும் இறுகிய நேரத்தில் போட்ட தையலும் ஒரே பூவில் இருந்தால், ஃப்ரேமிலிருந்து எடுத்ததும் அந்த இடம் அலை அலையாகச் சுருங்கும். பலர் இதைக் கைப் பழக்கக் குறை என்று நினைத்து மனம் சோர்ந்துபோகிறார்கள். காரணம் காற்றில் இருக்கிறது.

இதற்கு நூற்றுக்கணக்கான ரூபாயில் தீர்வு உண்டு. ஈரப்பதம் காட்டும் சிறு டிஜிட்டல் மீட்டர் ஒன்றைத் தையல் அறையில் மாட்டுங்கள். அது 50-க்கும் 60 சதவீதத்துக்கும் நடுவில் காட்டும்போது வேலை செய்வது நல்லது. அறையைச் சூடாக்கினாலே ஈரப்பதம் இறங்கும்: 12 டிகிரியில் 95 சதவீதம் இருக்கும் காற்றை 22 டிகிரிக்குக் கொண்டுபோனால் அது ஏறக்குறைய 50 சதவீதம் ஆகிவிடும். எண்ணெய் நிரப்பிய எலெக்ட்ரிக் ஹீட்டர் இதற்குப் போதும். கேஸ் ஹீட்டர் எரியும்போது நீராவியையும் விடும். கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். புகை ஜரியை மங்கவைக்கும் என்பதைவிட, மூடிய அறையில் கரி எரிந்தால் உயிருக்கே ஆபத்து. ஈரம் உறிஞ்சும் எந்திரம் வாங்குவதாக இருந்தால், குளிர்சாதன முறையில் இயங்குவது 15 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. உறிஞ்சு பொருள் வைத்த டெசிகன்ட் வகையைக் கேளுங்கள்.

ஃப்ரேமில் ஏற்றும் முறையும் கம்பளிக்கு வேறு. பட்டைப் போலக் கம்பளியை நேராக இழுத்துக் கட்டினால் அது நீண்டுகொடுக்கும். எடுத்ததும் பழைய அளவுக்குத் திரும்பி, போட்ட வேலையைச் சுருக்கும். ஆகவே முதலில் காடா துணியை (வெளுக்காத பருத்தித் துணி) ஏற்றுங்கள். அந்தக் காடாவை வெந்நீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டிருக்க வேண்டும். கஞ்சியோடு இருக்கும் புதுக் காடா பின்னால் ஈரம் பட்டதும் சுருங்கும். காடாவைப் பாதி விறைப்புக்கு இழுத்து, அதன் மேல் கம்பளியை இழுக்காமல் பரப்பி, இழையோட்டத்தை நேராக்கி, நடுவிலிருந்து வெளியே ஊசி குத்தி நிறுத்துங்கள். ஓரத்தைச் சுற்றிலும் குறுக்குத் தையல் போட்டு இரண்டையும் சேர்த்தபின் மீதி விறைப்பைக் கொடுக்கலாம். விரலால் சுண்டினால் மத்தளம் போல ஒலிக்க வேண்டும் என்பது பட்டுக்கான அளவு. கம்பளிக்கு அந்த ஒலி காடாவிலிருந்துதான் வர வேண்டும். இரவில் ஃப்ரேமை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு, மறுநாள் அறை சூடானபின் இறுக்குங்கள்.

துணியில் டிசைன் கோடு போடுவதில் எல்லோரும் கற்றது பட்டர் பேப்பரில் ஊசியால் துளையிட்டு, மண்ணெண்ணெயில் கலந்த ஜிங்க் பொடியைத் தேய்ப்பது. பட்டுக்கும் பருத்திக்கும் மலையிலும் அதே முறைதான். ஒரே வேறுபாடு, குளிரில் மண்ணெண்ணெய் மெதுவாகக் காயும். சமவெளியில் காத்திருக்கும் நேரத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு விட்டால்தான் கோடு கலையாது. கம்பளியில் இந்த முறையே உதவாது. பொடி பஞ்சுக்குள் இறங்கித் துணி முழுக்கச் சாம்பல் பூத்தது போலாகிவிடும். டிசைனை மெல்லிய டிஷ்யூ தாளில் வரைந்து, துணி மேல் வைத்து, வரைந்த கோட்டின் மேலேயே மஞ்சள் நூலால் சின்னச் சின்ன ஓட்டுத் தையல் போடுங்கள். பிறகு தாளை ஊசிமுனையால் கீறிக் கிழித்தெடுத்தால் நூல் கோடு மட்டும் நிற்கும். நேரம் பிடிக்கும் வேலைதான். வெல்வெட்டுக்கும் கம்பளிக்கும் இதைவிடத் துல்லியமான முறை எதுவும் எங்களுக்குத் தெரியாது.

இனித் தையல். கம்பளியில் ஆரிக் கொக்கியை நேராக விட்டால் ஒவ்வொரு முறையும் பஞ்சையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மேலே வரும். சங்கிலித் தையலின் மினுக்கம் போய்விடும். ஆரிதான் வேண்டுமென்றால் கம்பளியின் நிறத்திலேயே ஆர்கன்சா என்னும் மெல்லிய கண்ணாடித் துணியை மேலே பரப்பிச் செய்து, முடிந்தபின் ஓரமாக வெட்டிவிடலாம். ஆனால் கோட்டுக்கு உகந்தது ஊசியால் செய்யும் பதிப்பு வேலையும் (ஜரி நூலைத் துணி மேல் படுக்கவைத்துக் கட்டுவது) சுருள் வேலையும்தான்.

வரிசை முக்கியம்: மெத்தை, ஓரக் கோடு, சுருள், கடைசியில் சமிக்கியும் மணியும். மெத்தைக்கு மஞ்சள் நிற ஃபெல்ட் எடுங்கள், சுருளுக்கு நடுவே இடைவெளி விழுந்தாலும் மஞ்சள்தான் எட்டிப்பார்க்கும். மூன்று அடுக்கு வைப்பதென்றால் சின்னத் துண்டு முதலில், பெரியது கடைசியில். பெரியதை அடியில் வைத்தால் படிக்கட்டு போல விளிம்புகள் தெரியும். மேலே வைத்தால் மேடு வழவழப்பாக இறங்கும். மேல் துண்டு டிசைன் கோட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டர் உள்ளே நிற்கட்டும், ஓரக் கம்பிக்கு இடம் வேண்டும்.

ஓரக் கோட்டுக்கு ஜரி நூல் இரண்டைச் சேர்த்துத் துணி மேல் படுக்கவைத்து, மெல்லிய மஞ்சள் பட்டு நூலால் குறுக்கே கட்டிக்கொண்டு போக வேண்டும். நேர் கோட்டில் 3 மில்லிமீட்டருக்கு ஒரு கட்டு, வளைவில் 2 மில்லிமீட்டர். பக்கத்து வரிசை வரும்போது கட்டுகள் செங்கல் அடுக்குவது போல மாறி மாறி விழட்டும். கூர்மையான முனையில் இரண்டு நூலையும் சேர்த்து மடக்கினால் முனை உருண்டுவிடும். வெளி நூலை முதலில் தனியாகக் கட்டி மடக்கிவிட்டு, பிறகு உள் நூலை மடக்குங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் 3 சென்டிமீட்டர் நூலை மேலேயே விட்டுவைத்து, அகலமான காது உள்ள பெரிய ஊசியால் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி, காடாவோடு நாலு தையல் போட்டுப் பிடித்தபின் வெட்டுங்கள். மேலேயே வெட்டி ஒட்டுவது வேகமான வழி. ஒரு குளிர்காலத்துக்குள் அந்த முனைகள் பிரிந்து சால்வையை இழுக்கத் தொடங்கும்.

சுருளை வெட்டுவதற்கு வெல்வெட் ஒட்டிய தட்டு வேண்டும். மேசையில் வெட்டினால் துண்டுகள் துள்ளி ஓடும். கத்தரி இதற்கென்றே தனியாக இருக்கட்டும், கம்பி வெட்டிய கத்தரி அப்புறம் நூலை வெட்டாது. ஒரு இலைக்குத் தேவையான துண்டுகளை ஒரேயடியாக வெட்டாமல், நிரப்ப வேண்டிய அகலத்தை அப்போதைக்கப்போது அளந்து வெட்டுங்கள். இலை நடுவில் 6 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் நுனியில் 3 மில்லிமீட்டர்தான் வேண்டியிருக்கும். மெத்தையின் மேட்டையும் சேர்த்து அளக்க வேண்டும். தட்டையாக அளந்தால் துண்டு குட்டையாகி, இரு முனையிலும் நூல் தெரியும். நீளமாகிவிட்டால் நடுவில் வளைந்து வெடிக்கும்.

10-ஆம் எண் மெல்லிய ஊசியில் நூலைத் தேன்மெழுகில் இரண்டு முறை இழுத்துக் கோத்து, துண்டை மணி போலக் கோத்து, மெத்தையின் ஒரு பக்கம் மேலே வந்து மறுபக்கம் 45 டிகிரி சாய்வில் இறங்குங்கள். கடைசி இழுப்பை மெதுவாக, கட்டைவிரல் நகத்தால் சுருளை அணைத்தபடி இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் சுருள் மடிந்து வெடிப்பு விழும், அந்தத் துண்டை எடுத்தெறிவதைத் தவிர வழியில்லை. மெழுகு இல்லாத நூலைச் சுருளின் உள்விளிம்பு அறுத்துவிடும், சில மாதத்தில் துண்டுகள் ஒவ்வொன்றாக உதிரும். ஊட்டிக் குளிரில் மெழுகு கெட்டிப்பட்டுப் பொடிப்பொடியாக நூலில் ஒட்டும். கட்டியைச் சற்று நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டுத் தடவுங்கள். ஜனவரி உறைபனிக் காலத்தில் விரல்நுனி வெடித்துப் பட்டு நூலில் சிக்கும். இரவில் வாசலின் தடவிப் படுத்து, காலையில் சோப்பு போட்டுக் கழுவியபின் ஃப்ரேமைத் தொடுங்கள். எண்ணெய்க் கை பட்ட கம்பளியில் கறை தெரியாது, தூசி மட்டும் அங்கேயே வந்து படியும்.

நீலகிரியில் பூவேலை பற்றிப் பேசும்போது தோடர்களின் எம்பிராய்டரியைத் தொடாமல் இருக்க முடியாது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது அது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால், ஃப்ரேம் இல்லாமல், கோடு வரையாமல், இழைகளை எண்ணி எண்ணி மட்டுமே போடும் வேலை. இருபுறமும் பயன்படும் துணி. இப்போது கோட்டிலும் கைப்பையிலும் அந்தப் பட்டையை வைத்து, கூடவே ஜரி சேர்த்துத் தரச் சொல்லிப் பலர் வருகிறார்கள். அழகான சேர்க்கைதான், சில எல்லைகளோடு. தோடர் பெண்கள் கையால் போட்ட துண்டை அவர்களிடமிருந்தோ அவர்களுடைய சங்கம் வழியாகவோ வாங்குங்கள். அந்த உருவத்தை ஆரிச் சங்கிலியிலோ கம்ப்யூட்டர் எம்பிராய்டரியிலோ நகலெடுத்துத் தோடர் வேலை என்று விற்பது தவறு. எண்ணிப் போட்ட இழையின் திண்மையும் அதில் வராது. இந்த வேலை போட்ட, பூத்குளி எனப்படும் தோடர் சால்வை இறந்தவருக்குப் போர்த்தும் துணியும்கூட. எந்தக் கோலம் எதற்கு உரியது என்று போட்டவரிடமே கேட்டுத் தேர்ந்தெடுங்கள்.

வேலைப்பாட்டின் நடுவில் வெட்டக் கூடாது. வெட்டினால் எண்ணிப் போட்ட இழை முழு வரிசைக்கும் தளரும். ஜரியைப் பட்டைக்கு உள்ளே வைக்காமல், ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஒற்றைப் பதிப்புக் கோடாக நிறுத்துங்கள். சுருள் வைத்தால் அதன் முனை அந்த நூலின் மேடுகளில் மாட்டும், எடை தாங்காமல் நெசவும் தொய்யும். சேர்ப்பதற்கு முன் ஈர வெள்ளைத் துணியைச் சிவப்பின் மேல் பத்து நிமிடம் அழுத்திவைத்துச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்துவிடுவது அவசியம்.

டெய்லரிடம் போவதற்கு முன் ஒன்று. வேலை முழுவதையும் வெட்டாத துணியில், பேட்டர்ன் கோட்டை நூலால் குறித்துக்கொண்டு செய்யுங்கள். தையல் கோட்டிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டருக்குள் சுருளோ மணியோ வரக் கூடாது, மெஷின் ஊசி உடையும். அக்குள் பக்கம் எந்த உலோகமும் வேண்டாம். பஸ்ஸிலும் காரிலும் பெல்ட் உரசும் இடது, வலது தோளைக் கவனித்து டிசைனை நகர்த்துங்கள். எங்களுக்கு மிகவும் பிடித்த தீர்வு, காலரையும் கைமுனையையும் தனித்துண்டாகச் செய்து ஹூக்கும் பிரஸ் பட்டனும் வைத்துவிடுவது. கோட்டை டிரைகிளீனிங்குக்குக் கொடுக்கும்போது தங்க வேலையைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். டிரைகிளீனிங் திரவத்தில் சில பிளாஸ்டிக் மணியும் சமிக்கியும் இளகி நிறம் விட்டுப்போகும். ஒரே காலரை இரண்டு கோட்டுக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளவும் முடியும், செலவழித்தவருக்கு அது பெரிய நிம்மதி.

விலை சொல்லும்போது பூ ஒன்றுக்கு இவ்வளவு என்று சொல்லாதீர்கள். சுருளையும் நூலையும் தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் நிறுத்து, கிராம் கணக்கில் பொருள் விலையும், மணிக் கணக்கில் கூலியும் தனித்தனியாகச் சொல்லுங்கள். கம்பளியில் டிஷ்யூ தாள் கோடு போட்ட நேரமும் கூலிதான்.

பாதுகாப்பில் மலை வீடுகளுக்கு உரிய சில விஷயங்கள். இஸ்திரியைப் பின்புறமாக, கனமான டவல் மேல் கவிழ்த்துப் போட்டு, மிதமான சூட்டில், நீராவி இல்லாமல் தேயுங்கள். சென்ட்டை ஆடை மேல் அடிக்கக் கூடாது. புளி, எலுமிச்சை போட்டு ஜரியைப் பளபளக்க வைக்கப் பார்ப்பது அதைக் கெடுத்துவிடும். பூச்சி உருண்டை ஜரியைத் தொடும்படி வேண்டாம். துவைத்துப் பழகிய வெள்ளை வேட்டித் துணியில், வேலைப்பாடு வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டி, மடிப்பு விழாமல் வையுங்கள். பீரோவில் சிலிகா ஜெல் பை வைத்தால் மட்டும் போதாது, நிறம் மாறியதும் அதை 110 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் காயவைத்தால்தான் மறுபடி ஈரம் இழுக்கும். மழைக்காலத்தில் அந்த வேலை அடிக்கடி வரும். வெளிச்சுவரை ஒட்டிய பீரோவை ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். குளிர்ந்த சுவரில் வியர்க்கும் நீர்தான் பின்பலகை வழியாக உள்ளே வருகிறது.

சுருள் எங்காவது நீண்டு தொங்கினால் இழுக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். ஊசிமுனையால் சுருளைத் தள்ளிச் சேர்த்து, பக்கத்திலிருந்து மெழுகு நூலால் ஒரு குறுக்குக் கட்டு போட்டால் நின்றுவிடும். அதற்காகவே ஆடையை ஒப்படைக்கும்போது, அதே லாட்டில் மிஞ்சிய இரண்டு கிராம் சுருளையும் ஒரு மீட்டர் ஜரி நூலையும் காற்றுப் புகாத சின்ன ஜிப் கவரில் போட்டு, கோட்டின் உள்பைக்குள் வைத்துக் கொடுத்துவிடுங்கள்.